எழுந்து நிற்கும் வலிமை: முதியோருக்குரிய பாதுகாப்பான உடற்பயிற்சி

நாற்காலியில் அமர்ந்திருக்கும் ஒருவர் எழுந்து நிற்க ஓரிரு நொடிதான் ஆகிறது. அந்த ஓரிரு நொடிக்குள் உடல் செய்யும் வேலை பெரிது. பாதங்கள் பின்னுக்கு நகர்ந்து முட்டிக்குக் கீழே வந்து சேர்கின்றன. மேலுடல் முன்னால் சாய்கிறது. தொடையின் முன்பக்கத் தசைகளும் பிட்டத் தசைகளும் ஒருசேர இறுகி உடலின் எடையைத் தூக்குகின்றன. கெண்டைக்கால் தசைகள் உடல் முன்னே கவிழாமல் பிடித்து நிறுத்துகின்றன. உட்காதில் உள்ள சமநிலை உறுப்பும் கண்ணும் பாதத்தின் தொடுவுணர்வும் உடல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. எழுந்த நொடியில் காலுக்கு இறங்கும் இரத்தத்தைத் தலைக்கு ஏற்றுவதற்காக இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன.

இளமையில் இவை யாவும் நினைக்காமலே நடந்துவிடுகின்றன. வயது ஏற ஏற இவற்றுள் ஒவ்வொன்றும் சிறிது சிறிதாக மந்தமாகிறது. கையை ஊன்றாமல் எழ முடியாத நாள் வந்த பிறகே இழப்பு கண்ணுக்குத் தெரிகிறது. கழிப்பறைக்குப் போய் வருவது, குளிப்பது, பேருந்துப் படியில் ஏறுவது, கோயில் பிரகாரத்தைச் சுற்றி வருவது எல்லாம் இந்த எழும் ஆற்றலை நம்பியே இருக்கின்றன. பிறர் கையை எதிர்பாராமல் தம் காரியத்தைத் தாமே செய்துகொள்வதற்கு வேண்டிய வலிமையைக் காப்பதே முதியோர் உடற்பயிற்சியின் முதல் நோக்கம்.

தசையும் வயதும்

முதுமையில் தசை குறைவதற்கு 1989-இல் அமெரிக்க ஆய்வாளர் இர்வின் ரோசன்பர்க் ஒரு பெயர் வைத்தார்: சார்கோபீனியா. கிரேக்க மொழியில் அதற்குச் சதையின் வறுமை என்று பொருள். முப்பது வயதைத் தாண்டிய பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை தசை குறைகிறது. அறுபதுக்குப் பின் வேகம் கூடுகிறது. தசையின் அளவைவிட அதன் வலு இன்னும் விரைவாகக் குறைகிறது. தசையில் விரைந்து சுருங்கும் இழைகள், நின்று உழைக்கும் இழைகள் என இரு வகை உண்டு. முதலில் மெலிவது விரைந்து சுருங்கும் வகை. கால் தடுக்கும்போது சட்டென்று அடுத்த காலை எடுத்து வைத்து உடலைத் தாங்குவது அந்த இழைகளின் வேலை. இளையவர் தடுமாறி நின்றுவிடும் இடத்தில் முதியவர் விழுந்துவிடுவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

விழுவது சிறிய செய்தி அன்று. உலகம் முழுவதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவர்களில் அறுபதைக் கடந்தவர்களே மிகுதி. உயிர் தப்பியவர்களிலும் பலர் இடுப்பெலும்பு முறிந்து, படுக்கையில் கிடந்து, பழைய நடைக்குத் திரும்பாமலே போகிறார்கள். ஒருமுறை விழுந்தவரை மறுபடி விழுந்துவிடுவோம் என்ற அச்சம் பிடித்துக்கொள்கிறது. அச்சத்தால் நடமாட்டம் குறைகிறது. நடமாட்டம் குறைவதால் கால் மேலும் தளர்கிறது. தளர்ந்த கால் மறுபடி தடுமாறுகிறது. இந்தச் சுழலை அறுப்பதற்குக் கையில் உள்ள மிகச் சிறந்த கருவி உடற்பயிற்சிதான்.

ஓய்வின் விலை

வயதானவர்களை ஓர் இடத்தில் உட்கார வைத்து எல்லாவற்றையும் கையில் கொண்டுபோய்க் கொடுப்பதே அன்பு என்று பல குடும்பங்கள் நம்புகின்றன. அந்த அன்பு உண்மையானது; ஆனால் அது உடலுக்குச் செய்யும் கெடுதலும் உண்மையானது. 1966-இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் இருபது வயது இளைஞர்கள் ஐவரை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கச் செய்து ஓர் ஆய்வு நடந்தது. அவர்களுடைய இதயத்தின் உழைப்புத் திறன் பெரிதும் சரிந்தது. முப்பது ஆண்டு கழித்து அதே ஐவரையும் மறுபடி அளந்து பார்த்தார்கள். முப்பது ஆண்டு வயது ஏறியதால் வந்த இழப்பைவிட, அன்று மூன்று வாரம் படுத்திருந்ததால் வந்த இழப்பே அதிகமாக இருந்தது. பின்னர் ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி கொடுத்தபோது, வயதால் இழந்த மூச்சுத் திறனை அவர்கள் மீட்டெடுத்தார்கள்.

இன்னும் முதிர்ந்தவர்களுக்கும் இது பொருந்துமா என்ற கேள்விக்கு பாஸ்டன் நகரின் முதியோர் இல்லம் ஒன்றில் நடந்த ஆய்வு விடை தந்தது. மரியா ஃபியட்டரோன் குழுவினர் 1990-இல் வெளியிட்ட அந்த ஆய்வில், தொண்ணூறு வயதை ஒட்டிய மெலிந்த முதியவர்கள் எட்டு வாரம் கால் தசைகளுக்கு எடைப் பயிற்சி செய்தார்கள். பயிற்சியை முடித்தவர்களின் கால் வலு சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது. அவர்கள் தூக்கியது பஞ்சுபோன்ற எடை அன்று. தம்மால் தூக்க முடிந்த உச்ச அளவில் ஐந்தில் நான்கு பங்கு வரை, கண்காணிப்போடு, படிப்படியாகத் தூக்கினார்கள். தொண்ணூறிலும் தசை பயிற்சிக்கு இணங்குகிறது.

இவ்விரு ஆய்வுகளிலிருந்தும் மென்மையான பயிற்சி என்பதன் பொருள் தெளிவாகிறது. தசைக்கு வேலையே கொடுக்காமல் கையை வீசிக்கொண்டிருப்பது மென்மை ஆகாது. உடல் இன்று தாங்கும் அளவில் தொடங்கி, அடுத்த வாரம் சிறிது கூட்டி, வலி வரும் இடத்தில் நின்று, சுமையை ஏற்றுக்கொண்டே போவதுதான் மென்மை.

எத்தனை வகை, எவ்வளவு நேரம்

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 65 வயதுக்கு மேற்பட்டோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்புள்ள அசைவில் ஈடுபட வேண்டும். வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி வேண்டும். மூன்று நாளாவது சமநிலையும் வலுவும் சேர்ந்த பயிற்சி வேண்டும். இந்த அளவை எட்ட முடியாதவர்கள் தம்மால் இயன்ற அளவு செய்தாலும் பயன் உண்டு என்பதையும் அதே வழிகாட்டுதல் வலியுறுத்துகிறது.

மிதமான உழைப்பு என்பதை அளக்கக் கருவி வேண்டியதில்லை. நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். பேச்சே திணறினால் வேகம் அதிகம். நாடித் துடிப்பை எண்ணிப் பார்க்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ தரப்படும் சில மாத்திரைகள் நாடியை ஏறவிடாமல் பிடித்து வைப்பதால், அவற்றை எடுப்பவர்களை அந்தக் கணக்கு ஏமாற்றும். பேச்சுச் சோதனையே நம்பகமானது.

தமிழ்நாட்டில் முதியோரின் பயிற்சி என்றால் பெரும்பாலும் நடைதான். நடை இதயத்துக்கும் சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கும் மனத்துக்கும் நல்லது. ஆனால் நடை மட்டுமே விழுவதைத் தடுக்கும் என்பதற்கு ஆய்வுகளில் உறுதியான சான்று கிடைக்கவில்லை. சமநிலைப் பயிற்சிக்கு அந்தச் சான்று இருக்கிறது. 2019-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 108 சோதனைகளைத் திரட்டிப் பார்த்து, உடற்பயிற்சி விழுதல்களை 23 விழுக்காடு குறைக்கிறது என்று கண்டது. சமநிலையும் வலுவும் சேர்ந்த பயிற்சிகளில் பயன் அதைவிடக் கூடுதலாக இருந்தது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் 1990-களில் உருவான வீட்டுப் பயிற்சித் திட்டம் இதற்கு நல்ல முன்மாதிரி. கணுக்காலில் சிறு எடை கட்டிக் கால்களை வலுப்படுத்துவது, சமநிலைப் பயிற்சி, வாரம் இருமுறை நடை ஆகிய மூன்றும் அதில் அடங்கும். முதியவர் தம் வீட்டிலேயே செய்யும் இந்தத் திட்டம் விழுதல்களை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைத்தது. காலையில் ஒரு மணி நேரம் நடப்பவர், அதில் பதினைந்து நிமிடத்தை வாரம் மூன்று நாள் கால் வலுவுக்கும் சமநிலைக்கும் ஒதுக்கினால் பெறும் பயன் பெருகும்.

தொடங்கும் முன்

நெஞ்சுவலி வந்தவர், இதயச் சிகிச்சையோ அறுவைச் சிகிச்சையோ அண்மையில் செய்துகொண்டவர், கடந்த ஓராண்டில் கீழே விழுந்தவர், எழும்போது தலை சுற்றுபவர், காரணமின்றி மூச்சு வாங்குபவர் ஆகியோர் மருத்துவரைப் பார்த்த பிறகே தொடங்க வேண்டும். மாத்திரைப் பட்டியலை அவரிடம் காட்டுவது மிக முக்கியம். இரத்த அழுத்த மாத்திரை, தூக்க மாத்திரை, புராஸ்டேட் வீக்கத்துக்கான மாத்திரை ஆகியவை எழுந்தவுடன் அழுத்தத்தைச் சரியச் செய்தோ அரைமயக்கத்தில் வைத்தோ ஆளை வீழ்த்தக்கூடும்.

வீட்டிலேயே செய்து பார்க்கத்தக்க சோதனைகள் இரண்டு உள்ளன. முதலாவது நாற்காலிச் சோதனை. கைப்பிடியில்லாத நாற்காலியைச் சுவரில் ஒட்டிப் போட்டு, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 நொடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ண வேண்டும். 65 முதல் 69 வயதுள்ள ஆண் 12 முறையும் பெண் 11 முறையும் எழ வேண்டும். 80 முதல் 84 வயதில் அந்த எண்ணிக்கை முறையே 10, 9. இதற்குக் குறைந்தால் விழும் வாய்ப்பு கூடுதல் என்று கொள்ளலாம். இரண்டாவது, நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரும் சோதனை. இதற்கு 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால், கால் வலுவையும் சமநிலையையும் இயன்முறை மருத்துவர் ஒருவர் பார்ப்பது நல்லது. இரண்டையும் செய்யும்போது பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எண்ணிக்கையைக் குறித்து வைத்தால் முன்னேற்றம் தானே தெரியும்.

பயிற்சிகள்

முதல் ஐந்து நிமிடம் உடலைச் சூடாக்குவதற்கு உரியது. உட்கார்ந்தபடியே கணுக்காலைச் சுழற்றுவது, தோளை முன்னும் பின்னும் உருட்டுவது, நின்ற இடத்திலேயே மெதுவாக நடைபோடுவது போதும்.

அடுத்து வலுப் பயிற்சிகள். இவற்றுள் தலையாயது நாற்காலியிலிருந்து எழுவதே. இருக்கையின் முன்விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேரே வரும் அளவுக்கு முன்னே சாய்ந்து, எழ வேண்டும். உட்காரும்போது தொப்பென்று விழாமல், மனத்துக்குள் நான்கு எண்ணியபடி இறங்க வேண்டும். மெதுவாக இறங்குவதில்தான் தொடைத் தசை நன்றாக வேலை செய்கிறது. முடியாதவர்கள் இருக்கையின் மேல் கெட்டியான தலையணை வைத்து உயரத்தைக் கூட்டலாம். கைப்பிடியை ஊன்றியும் தொடங்கலாம். எளிதாகிவிட்டால் தலையணையை எடுத்துவிடலாம். பிறகு கைகளைக் கட்டிக்கொள்ளலாம்.

சமையல் மேடையையோ சன்னல் கம்பியையோ பிடித்து நின்று குதிகாலை உயர்த்தி இறக்குவது கெண்டைக்காலுக்கு நல்லது. அதே பிடியில் ஒரு காலைப் பக்கவாட்டில் தூக்குவது இடுப்பின் வெளித்தசையை வலுப்படுத்துகிறது; நடக்கும்போது உடல் பக்கவாட்டில் சாயாமல் தடுப்பது அந்தத் தசை. உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி ஐந்து நொடி நிறுத்துவது முட்டியைத் தாங்கும் தசைக்கு உரியது. சுவரில் இரு கைகளையும் ஊன்றி முழங்கையை மடக்கி நிமிர்வது தோளுக்கும் மார்புக்கும் ஆகும். அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டியே கைக்கு எடையாகப் போதும். ஒவ்வொன்றையும் எட்டு முதல் பன்னிரண்டு முறை செய்து, சிறிது இளைப்பாறி, மறுபடி ஒரு சுற்று செய்யலாம். கடைசி இரண்டு முறை சற்றுக் கடினமாக இருந்தால் அளவு சரி. மூச்சை அடக்கக் கூடாது. அடக்கினால் இரத்த அழுத்தம் திடீரென்று ஏறும். தூக்கும்போது மூச்சை வெளியே விட்டு, இறக்கும்போது உள்ளே இழுப்பது முறை. ஒரே தசைக்கு அடுத்தடுத்த நாள் வலுப் பயிற்சி தராமல் இடையில் ஒரு நாள் விட வேண்டும்.

சமநிலைப் பயிற்சிக்கு அறையின் மூலை சிறந்த இடம். முதுகுப் பக்கம் இரு சுவர்களும் முன்னால் ஒரு நாற்காலியும் இருந்தால் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பிடிப்பு உண்டு. முதலில் பாதங்களைச் சேர்த்து நிற்பது. பிறகு ஒரு பாதத்தை அரை அளவு முன்னே வைத்து நிற்பது. அடுத்து ஒரு காலின் குதிகாலை மற்றக் காலின் விரல் நுனியில் தொட வைத்து நேர்க்கோட்டில் நிற்பது. கடைசியில் ஒற்றைக் காலில் நிற்பது. ஒவ்வொரு நிலையிலும் பத்து நொடி தடுமாறாமல் நிற்க முடிந்தபின் அடுத்ததற்குப் போகலாம். இரு கைப் பிடியிலிருந்து ஒரு கைக்கும், பிறகு ஒரு விரலுக்கும் மாறலாம்.

இறுதியில் கெண்டைக்கால், தொடையின் பின்புறம், தோள் ஆகியவற்றை மெல்ல இழுத்து இருபது முப்பது நொடி நிறுத்தலாம். இழுப்பு தெரிய வேண்டும். வலி தெரியக் கூடாது. குலுக்கி இழுக்கக் கூடாது.

நோய்க்கேற்ற கவனம்

முட்டித் தேய்மானம் உள்ளவர்கள் நடந்தால் இன்னும் தேயும் என்று அஞ்சி நின்றுவிடுகிறார்கள். உண்மையில் தொடைத் தசை வலுப்பெறும்போது முட்டியின் வலி குறைகிறது. பயிற்சியின்போது வரும் சிறு வலி மறுநாள் காலைக்குள் தணிந்துவிட்டால் தொடரலாம். முட்டி வீங்கினாலோ மறுநாளும் வலி கூடியிருந்தாலோ அளவைப் பாதியாக்க வேண்டும். ஆழமாகக் குந்துவதைத் தவிர்த்து உயரமான இருக்கையில் தொடங்குவது நல்லது.

எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள் முதுகை வளைத்துக் குனிவதையும் முறுக்கித் திரும்புவதையும் விலக்க வேண்டும். 1984-இல் வெளியான மேயோ மருத்துவமனை ஆய்வில், எலும்புப்புரை உள்ள பெண்களில் முன்னே குனியும் பயிற்சி செய்தவர்களுக்கு முதுகெலும்பு முறிவு மிகுதியாக நேர்ந்தது. முதுகை நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களுக்கு அது குறைவாக இருந்தது. யோகாசனம் செய்பவர்கள் பாதத்தைத் தொடக் குனியும் ஆசனங்களில் இதை நினைவில் வைக்க வேண்டும். கண் நீர் அழுத்தம் உள்ளவர்களும் இரத்த அழுத்தம் மிகுந்தவர்களும் தலைகீழ் ஆசனங்களைச் செய்யக் கூடாது. நாற்காலியில் அமர்ந்து செய்யும் ஆசனங்கள் அவர்களுக்கு ஏற்றவை.

இன்சுலின் அல்லது சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரை எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நீண்ட தூரம் நடப்பது ஆபத்து. சர்க்கரை 100 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் சிறிது உணவு கொண்ட பிறகே தொடங்க வேண்டும். சட்டைப் பையில் மிட்டாயோ குளுக்கோஸோ இருக்க வேண்டும். பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் வெறுங்காலில் நடக்கக் கூடாது; நடந்து திரும்பியதும் பாதத்தைப் பார்த்துக் கொப்புளம் இருக்கிறதா என்று அறிய வேண்டும். இரத்த அழுத்தம் 180/110-ஐத் தாண்டிய நாளில் பயிற்சியை விட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். பக்கவாதம், பார்க்கின்சன் நோய் உள்ளவர்களுக்கும் பயிற்சி பெரிதும் உதவும். தொடக்கம் மட்டும் இயன்முறை மருத்துவரின் கண்முன் நடக்க வேண்டும்.

இடமும் நேரமும்

வீட்டுத் தரை ஈரமாகவோ வழுக்கலாகவோ இருக்கக் கூடாது. ஓரம் மடங்கும் மிதியடி, குறுக்கே ஓடும் மின்கம்பி ஆகியவற்றை அகற்ற வேண்டும். தேய்ந்த ரப்பர் செருப்பு வழுக்கும். குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் பட்டை வைத்த செருப்போ காலணியோ நல்லது. வேட்டியும் சேலையும் காலில் தட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். முதுமையில் தாகம் குறைவாகவே தெரியும். வியர்வையும் உடலைக் குளிரவைக்கும் ஆற்றலும் குறையும். ஆகவே கோடையில் வெயில் ஏறும் முன்போ இறங்கிய பின்போதான் நடக்க வேண்டும். தாகம் எடுக்கும் வரை காத்திராமல் தண்ணீர் குடிக்க வேண்டும். இதய, சிறுநீரக நோயாளிகள் மட்டும் மருத்துவர் சொன்ன அளவுக்குள் குடிக்க வேண்டும். விடியும் முன் இருட்டில் நடப்பவர்களைக் குழியும் நாயும் வண்டியும் வீழ்த்துகின்றன. வெளிச்சம் வந்த பிறகு புறப்படுவதே நலம்.

நெஞ்சில் இறுக்கமோ வலியோ, கழுத்து, தாடை, இடக் கைக்குப் பரவும் வலி, வழக்கத்தை மீறிய மூச்சுத்திணறல், தலைசுற்றல், குளிர்ந்த வியர்வை, நாடி தாறுமாறாக அடிப்பது ஆகியவற்றுள் எது வந்தாலும் உடனே நிறுத்தி உட்கார வேண்டும். உட்கார்ந்தும் சில நிமிடங்களில் தணியாவிட்டால் 108-ஐ அழைக்க வேண்டும். முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை அல்லது கால் செயலிழப்பது, பேச்சுக் குழறுவது ஆகியவை பக்கவாதத்தின் அறிகுறிகள். அவை தெரிந்தால் காத்திராமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

தரையும் எழுச்சியும்

சம்மணமிட்டு உட்கார்ந்து உண்பதும், தரையில் பாய் விரித்துப் படுப்பதும், குந்தி அமர்ந்து காய் நறுக்குவதும் தமிழ் வீடுகளில் நெடுங்காலம் இருந்த வழக்கங்கள். ஒரு நாளில் பலமுறை தரைக்கு இறங்கி எழுந்த உடலுக்கு இடுப்பும் முட்டியும் கணுக்காலும் இயல்பாகவே மடங்கி நீண்டன. சோபாவும் கட்டிலும் உணவு மேசையும் வந்தபின் அந்த அசைவு மறைந்தது. இன்னும் தரையில் எளிதாக உட்கார்ந்து எழ முடிகிறவர்கள் அந்த வழக்கத்தை விடாமல் காப்பது நல்லது.

தரையிலிருந்து எழும் முறையை ஒவ்வொரு முதியவரும் உதவியோடு பழகி வைத்திருக்க வேண்டும். தப்பித் தவறி விழுந்தால் பதறி எழக் கூடாது. அடிபட்டிருக்கிறதா என்று பார்த்து, ஒருக்களித்துத் திரும்பி, முழங்கையை ஊன்றி, தவழும் நிலைக்கு வந்து, அருகில் உள்ள கெட்டியான நாற்காலிக்கு நகர்ந்து, அதில் இரு கைகளையும் வைத்து, வலுவான காலை முன்னே ஊன்றி எழ வேண்டும். எழ முடியாவிட்டால் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு குரல் கொடுக்க வேண்டும். கைப்பேசி இடுப்பிலோ கழுத்திலோ இருப்பது இதற்காகத்தான்.

தொடர்வதற்குத் துணை

2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டு மக்களில் பத்தில் ஒருவருக்கு மேற்பட்டோர் அறுபது வயதைக் கடந்திருந்தார்கள். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை தருவதும் ஒரு பகுதி. படுத்த படுக்கையானவர்களின் குடும்பங்கள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதைக் கேட்டுப் பெறலாம். 2023 நவம்பரில் தொடங்கிய நடப்போம் நலம் பெறுவோம் திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறிக்கப்பட்டது. புதிதாகத் தொடங்கும் முதியவர் அந்த எட்டையும் நடக்க வேண்டியதில்லை. முதல் வாரம் பத்து நிமிடம், அடுத்த வாரம் பன்னிரண்டு என்று கூட்டிக்கொண்டு போவதே போதும்.

தசை வளரப் புரதம் வேண்டும். பருப்பு, சுண்டல், தயிர், முட்டை, மீன் இவற்றுள் ஏதேனும் ஒன்றாவது ஒவ்வொரு வேளையும் தட்டில் இருக்க வேண்டும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் அளவைக் கேட்டறிய வேண்டும்.

பயிற்சி நின்றால் பெற்ற வலுவும் சில வாரங்களில் கரையத் தொடங்கும். காய்ச்சலோ பயணமோ இடையில் வந்தால், விட்ட இடத்திலிருந்து தொடங்காமல் பாதி அளவில் தொடங்க வேண்டும். நாள் வழக்கத்தோடு பயிற்சியைக் கோத்துவிட்டால் அது நிலைக்கும்: காபிக்குத் தண்ணீர் கொதிக்கும்போது குதிகால் உயர்த்துவது, தொலைக்காட்சியில் விளம்பரம் வரும்போது ஐந்து முறை எழுந்து உட்காருவது. குடும்பத்தாரின் பங்கு இங்கே தொடங்குகிறது. தண்ணீர்ச் செம்பைக் கையில் கொண்டுபோய்க் கொடுப்பதற்குப் பதிலாக, அதை எடுக்க எழும் பெரியவரின் பக்கத்தில் துணையாக நிற்பது அவருக்குச் செய்யும் பேருதவி. அந்த ஓர் எழுச்சியும் அன்றைய பயிற்சிக் கணக்கில் சேரும்.